பாடத்தோடு சேர்த்துத் தகவல் தேடக் கற்றுக்கொடுப்பது எப்படி? கல்லூரிக்குப் புதிதாக வந்த நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

ஜூன் கடைசியில் முதலாண்டு மாணவர்களை ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து, "இதுதான் நூலகம், இதுதான் ஓபாக் (நூலகத்தின் கணினி நூற்பட்டியல்), இதுதான் என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான மின்னிதழ், மின்னூல் சேவை)" என்று ஒரு மணி நேரம் ஸ்லைடு ஓட்டுவது சென்னைக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு. ஆகஸ்டில் அதே பிள்ளைகளுக்கு அசைன்மென்ட் கொடுத்தால், தலைப்பை அப்படியே கூகுளில் தட்டி, முதலில் வரும் இரண்டு மூன்று பக்கங்களை ஒட்டிக் கொண்டுவருவார்கள். இப்போது அந்தச் சிரமமும் இல்லை; சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தேட வேண்டிய அவசியம் வராத நாளில் தேடும் வழியைச் சொன்னால் யாருக்கும் மண்டையில் ஏறாது.

இன்னொன்றும் இருக்கிறது. நம்பகமான ஆதாரம் என்பது எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரி இல்லை. வணிகவியல் மாணவருக்கு அது நிறுவனத்தின் ஆண்டறிக்கை. தமிழ் மாணவருக்கு நல்ல பதிப்பு. வேதியியல் மாணவருக்கு எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் அளந்தது என்று சொல்லும் எண். இதை ஆடிட்டோரியத்தில் பொதுவாகச் சொல்ல முடியாது. அந்தந்தத் துறை வகுப்புக்குள் போய், அந்தத் துறை அசைன்மென்ட்டை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும்.

சொல்வது சுலபம். போர்ஷன், டே ஆர்டர் (கிழமைக்குப் பதிலாக நாள் 1, நாள் 2 என்று சுழலும் கால அட்டவணை), சர்க்குலர், பாஸ்வேர்டு என்று நடுவில் ஆயிரம் முட்டுக்கட்டைகள். இரண்டு ஷிஃப்ட் ஓடும் ஒரு கல்லூரியில் நூலகராக இவற்றோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே தருகிறேன்.

1. துறையைப் பிடிக்காதீர்கள், ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள்

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னால், "ரொம்ப நல்ல விஷயம் மேடம், கண்டிப்பா பண்ணலாம்" என்பார். அத்தோடு சரி. ஆசிரியர் ஓய்வறையில், "எல்லாம் காப்பி, படிக்கவே முடியல" என்று அசைன்மென்ட் கட்டை வைத்துக்கொண்டு புலம்பும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர்தான் உங்கள் ஆள். அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: தலைப்புகளைக் கொடுங்கள், ஒரு பீரியட் கொடுங்கள், திருத்தும்போது ஆதாரப் பட்டியலை நான் பார்த்துத் தருகிறேன். மூன்றாவதைக் கேட்டதும்தான் பேச்சு மேலே நகரும்.

எந்த வகுப்பு? முதலாண்டு வேண்டாம். மூன்றாம் அல்லது ஐந்தாம் செமஸ்டர் மாணவர்களுக்குத் துறையின் சொற்கள் ஓரளவு பிடிபட்டிருக்கும். ஆறாம் செமஸ்டர் புராஜெக்ட் பயமும் இருக்கும். அந்தப் பயம் நமக்கு உதவும்.

இங்கே ஒரு பொறி உண்டு. "ஸ்டாஃப் லீவு, கொஞ்சம் எங்கேஜ் பண்ணிடுங்க மேடம்" என்று வகுப்பை நூலகத்துக்கு அனுப்புவார்கள். அந்த நேரத்தில் இதை நடத்த ஒப்புக்கொள்ளாதீர்கள். பாட ஆசிரியர் அறையில் இல்லையென்றால் மாணவர்கள் அதை ஓய்வு பீரியடாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து, நடுவே "இது இன்டர்னலுக்கு உண்டு" என்று ஒரு வார்த்தை சொன்னாலே போதும்.

2. தேட வேண்டிய தலைப்பாக மாற்றச் சொல்லுங்கள்

"பணவீக்கத்தின் காரணங்கள்" என்று தலைப்பு கொடுத்தால் பாடநூலில் இருப்பதை எழுதுவார்கள். தேட அதில் ஒன்றும் இல்லை. தலைப்பில் ஓர் இடம், ஒரு காலம், கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஒரு மூல ஆவணம் அல்லது எண், இவை இருக்க வேண்டும். தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டில் சென்னைக்குத் தனி எண் உண்டு. "கடந்த மூன்று ஆண்டுகளில் சென்னைக் குறியீடு எப்படி நகர்ந்தது, அகில இந்தியக் குறியீட்டிலிருந்து எங்கே விலகியது?" என்று கேட்டால், தேடாமல் எழுதவே முடியாது.

ஆசிரியருக்கு இதில் தயக்கம் இருக்கும். அவருடைய தலைப்பைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். அதையே வைத்துக்கொண்டு கடைசியில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று நீங்களே இரண்டு மாதிரி எழுதிக்கொண்டு போங்கள்.

3. நாள் குறிப்பது

ஒற்றைப்படை செமஸ்டரில் ஜூலை இரண்டாம் பாதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால், அசைன்மென்ட் தலைப்பு கொடுத்த அதே வாரத்தில் வையுங்கள். தலைப்புக் கொடுத்து மூன்று வாரம் கழித்துப் போனால் பாதிப் பேர் எழுதி முடித்திருப்பார்கள். அக்டோபரை நம்பாதீர்கள். தீபாவளி வரும், அப்புறம் வடகிழக்குப் பருவமழை. ஆட்சியர் காலையில் விடுமுறை அறிவித்தால் உங்கள் வகுப்பும் போய்விடும். அடுத்த செமஸ்டரில் பொங்கல் விடுமுறையும் கல்சுரல்ஸும் ஜனவரி, பிப்ரவரியை விழுங்கிவிடும்.

நாள் கேட்கும்போது தேதி சொல்லாதீர்கள். டே ஆர்டரும் பீரியடும் சொல்லிக் கேளுங்கள். நடுவில் ஒரு விடுமுறை விழுந்தால் டே ஆர்டர் தள்ளிப்போகும், லேப் வேறு வகுப்புக்குப் போயிருக்கும். இரண்டாம் ஷிஃப்ட் மாணவர்களுக்குக் கடைசி பீரியட் கேட்காதீர்கள்; பலர் பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள், கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள்.

4. காகித வேலை

முதல்வருக்குக் கடிதம், துறைத் தலைவர் வழியாக. ஒரு பக்கம் போதும். பாடத்தின் பெயர், குறியீடு, டே ஆர்டர், மாணவர் எண்ணிக்கை, லேப் தேவையா, செலவு எவ்வளவு, இவை இருந்தால் கேள்வி வராது.

அனுமதி இழுத்தடிக்கப்பட்டால் கையில் வைத்துக்கொள்ள ஒரு துருப்பு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு கல்வி நேர்மை, கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைகள், கல்வி நேர்மையின் அடிப்படைகளை இளங்கலைப் பாடத்திட்டத்திலேயே கட்டாயப் பகுதியாகச் சேர்க்கச் சொல்கின்றன. பலருக்கும் அதில் 10, 40, 60 சதவீத ஒப்புமை அடுக்குகள் மட்டும்தான் நினைவில் இருக்கும். இந்தப் பகுதியை மேற்கோள் காட்டிக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். நான் அப்படி எழுதிய கடிதங்கள் திரும்பி வந்ததில்லை.

அனுமதி வந்ததும் சர்க்குலர். அப்புறம் வருகைப் பதிவு, ஜியோ டேக் (எடுத்த இடத்தின் பதிவு) போட்ட இரண்டு புகைப்படம், பயிற்சித் தாள் ஒரு பிரதி, மாணவர் கருத்துப் படிவம், ஒரு பக்க அறிக்கை. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் குழு எப்போது வந்தாலும் இதையெல்லாம் கேட்பார்கள். அன்றைக்கே கோப்பில் போட்டுவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து ஜியோ டேக் தேடினால் கிடைக்காது.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. 60 பேருக்கு ஒரு தாள், இரு பக்கமும் அச்சு. ஜெராக்ஸ் பக்கம் ஒன்றுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்றால் 120 முதல் 240 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதற்கே ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, பளபளப்பான சான்றிதழ் தரும் நிறுவனங்கள் ஒப்பந்தம் போடலாம் என்று வருவார்கள். துறை அசைன்மென்ட்டைத் தொடாத பயிற்சி அது. வேண்டாம் என்பேன்.

5. பயனர் கணக்குகள்: இரண்டு வாரம் முன்பே

எல்லாம் சரியாக அமைந்து வகுப்பு கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான்.

என்-லிஸ்ட் உறுப்பினராக உள்ள கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கணக்கை நாம்தான் உருவாக்க வேண்டும். துறையிலிருந்து பெயர், மின்னஞ்சல் பட்டியல் வாங்குங்கள். அந்தப் பட்டியலில் சில முகவரிகள் பிளஸ் டூ-வில் அண்ணன் உருவாக்கிக் கொடுத்தவையாக இருக்கும். கடவுச்சொல் அண்ணனுக்குத்தான் தெரியும். ஆகவே பட்டியல் வந்ததும் எல்லா முகவரிக்கும் ஒரு சோதனை மெயில் அனுப்பி, "பார்த்தேன்" என்று பதில் போடச் சொல்லுங்கள். பதில் வராதவர்களை வகுப்புப் பிரதிநிதி மூலம் பிடியுங்கள். கடவுச்சொல் மெயில் ஸ்பாமில் விழுந்து கிடக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அரசுக் கல்லூரி என்றால் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைப் பாருங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. என்-லிஸ்டைப் போலவே இதையும் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம்தான் ஒருங்கிணைக்கிறது. உங்கள் கல்லூரி பட்டியலில் இருந்தும் யாரும் பயன்படுத்தாமல் கிடக்கலாம். முதலில் அதை விசாரியுங்கள்.

இலவசமானவை: ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம், ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா, கட்டுரைகளுக்குக் கூகுள் ஸ்காலர், மேற்கோள்களைச் சேமிக்க ஸோட்டெரோ. ஸோட்டெரோவில் 300 எம்பி வரை சேமிப்பு இலவசம். இளங்கலைக்கு அது தாராளம். ஆனால் முதல் வகுப்பிலேயே ஸோட்டெரோவை நிறுவ உட்காராதீர்கள். 50 நிமிடமும் அதற்கே போய்விடும்.

6. துறைக்கு ஒரு முடிச்சு தயார் செய்யுங்கள்

என் பார்வையில் உயிர்நாடி இந்தப் படிதான். ஒவ்வொரு துறைக்கும், இரண்டு மாணவர்கள் நேர்மையாகத் தேடி இரண்டு வேறு விடை கொண்டுவரும் ஒரு கேள்வியைக் கண்டுபிடியுங்கள். ஏன் இரண்டு விடை என்று அவர்களே கேட்கத் தொடங்கினால் நீங்கள் கொஞ்சம்தான் பேச வேண்டியிருக்கும்.

பொருளியல், புவியியல், சமூகவியல் வகுப்புகளுக்கு நான் வைப்பது: சென்னையின் மக்கள்தொகை எவ்வளவு? 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டம் என்று பார்த்தால் 46,46,732. விரிவாக்கப்பட்ட மாநகராட்சி என்றால் சுமார் 67 லட்சம். ஒட்டியுள்ள ஊர்களையும் சேர்த்த நகர்ப்புறத் தொகுப்பு என்றால் 86 லட்சத்துக்கு மேல். இணையத்தில் சில பக்கங்களில் ஒரு கோடியைத் தாண்டி ஓர் எண் இருக்கும். அது எண்ணிப் பார்த்தது இல்லை, கணிப்பு. காரணம் எல்லைதான். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 2011-ல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மாவட்ட எல்லை அதற்கு ஈடாக விரிந்தது 2018-ல். "2011-ல் சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பளவால் வகுத்த விடை இரண்டு மூன்றாவது வரும். அதைப் பலகையில் எழுதி, எங்கே பிசகியது என்று வகுப்பையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வணிகவியலுக்கு: ஒரே நிறுவனத்தின் ஒரே ஆண்டு நிகர லாபம். ஒருவர் தனிக் கணக்கிலிருந்து எடுப்பார், இன்னொருவர் துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கிலிருந்து எடுப்பார். மூன்றாமவர் செய்தித் தளத்திலிருந்து ஒரு காலாண்டு எண்ணைக் கொண்டுவந்து ஆண்டு எண் என்பார். என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கை இலவசம். அங்கே போய் எந்தப் பக்கம், எந்தக் கணக்கு, கோடியா மில்லியனா என்று எழுதினால்தான் மதிப்பெண் என்று சொல்லிவிடுங்கள். பி.காம் மாணவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் படிக்கிற கணக்கு உயிரோடு வருகிறது அல்லவா.

தமிழ்த் துறையில் குறள் எண்ணே போதும். இன்று எல்லோரும் பரிமேலழகர் வைப்பு முறைப்படி எண் சொல்கிறோம். மணக்குடவர் உரைப் பதிப்பை எடுத்தால் அதிகாரங்களும் குறள்களும் சில இடங்களில் வேறு வரிசையில் இருக்கும், குறளின் சொற்களிலேயே பாட வேறுபாடும் இருக்கும். மதுரைத் திட்டத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ பாடத்தை எடுத்த மாணவர், எந்தப் பதிப்பு, யார் உரை என்று குறித்தாரா என்பதுதான் கேள்வி. கூடவே வாட்ஸ்அப்பில் சங்கப் பாடல் என்று சுற்றும் ஒரு வரியைக் கொடுத்து, எந்த நூல், எத்தனையாவது பாடல் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கேயும் இல்லை என்று அவர்கள் வந்து சொல்வதும் ஒரு விடைதான். அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

வரலாற்றுக்கு நம் ஊரின் பிறந்தநாளே கைகொடுக்கும். 1639 ஆகஸ்ட் 22 என்று கொண்டாடுகிறோம்; ஜூலை 22 என்று தரும் நூல்களும் உண்டு. ஒவ்வொரு நூலும் எந்த ஆவணத்தைச் சான்றாகக் காட்டுகிறது என்று பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள். சரியான தேதியைத் தீர்ப்பாகச் சொல்ல வேண்டியதில்லை; சான்றுச் சங்கிலி எங்கே அறுகிறது என்று எழுதினால் போதும்.

அறிவியல் துறைகளில் பெயர்தான் சிக்கல். பாராசிட்டமால் என்று தேடினால் அமெரிக்கக் கட்டுரைகள் பல சிக்காது. அங்கே அது அசிட்டமினோஃபென். இரண்டுக்கும் ஒரே சிஏஎஸ் எண் (வேதிப்பொருளின் அடையாள எண்), 103-90-2. வேதிப்பொருள் தரவுத்தளமான பப்கெம் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் எல்லாப் பெயரும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். தாவரவியலில் துளசி: ஆசிமம் சாங்டம், ஆசிமம் டெனுயிஃப்ளோரம் என்று இரண்டு பெயரிலும் தேடாவிட்டால் பாதி ஆய்வு கைநழுவும். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் மாணவர்களுக்கு, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைச் சோதிக்கவும் காட்டுங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998-ல் லான்செட் வெளியிட்ட கட்டுரையை அந்த இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. இன்றும் அதைச் சான்றாகக் காட்டும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன.

கணினி அறிவியலில் ஆண்டைப் பார்க்கப் பழக்குங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தும், அதற்கு எழுதிய பதில்கள் தேடலில் வந்துகொண்டே இருக்கின்றன. ஆர்க்கைவ் தளத்தில் இருப்பவை பெரும்பாலும் மதிப்பாய்வுக்கு முந்தைய வரைவுகள் என்பதையும் சொல்லுங்கள்.

7. அந்த 50 நிமிடம்

லேப்பில் 30 கணினி, வகுப்பில் 60 பேர் என்றால் இருவருக்கு ஒன்று. அது நல்லதுதான், தேடும்போது வாய்விட்டுப் பேசிக்கொள்வார்கள். நெட் போய்விட்டால் செல்போனில் தொடருங்கள். எல்லா முடிவுகளையும் முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு பென்டிரைவில் வைத்திருங்கள்.

முதல் பத்து நிமிடம், திரையில், தோற்றுப் போகும் தேடல் ஒன்றைக் காட்டுங்கள். கூவம் ஆற்று மாசு எனக்குப் பிடித்த உதாரணம். மாணவர் ஒருவரைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னால் ஆங்கிலத்தில் கே எழுத்தில் தொடங்குவார். ஆய்வுக் கட்டுரைகளிலும் அரசு ஆவணங்களிலும் பெரும்பாலும் சி, ஓ, ஓ, யு, எம் என்றுதான் இருக்கும். அதை மாற்றியதும் திரையே மாறும். அடுத்து, 1996-க்கு முந்தைய ஆவணங்களுக்குச் சென்னை என்று போடாமல் மெட்ராஸ் என்று போடச் சொல்லுங்கள். அதற்கடுத்து மேற்கோள் குறிக்குள் சொற்றொடர், அரசுத் தளத்துக்குள் மட்டும் தேடல், பிடிஎஃப் மட்டும் தேடல். மூன்று உத்தி போதும். ஏழெட்டு சொன்னால் ஒன்றும் நிற்காது.

அடுத்த 25 நிமிடம் அவர்களுடைய தலைப்பில் அவர்களே தேட வேண்டும். கையில் ஒரு தேடல் குறிப்புத் தாள் கொடுங்கள்: என்ன தட்டினேன், எங்கே தட்டினேன், என்ன வந்தது, அடுத்து எதை மாற்றினேன், ஏன். ஒரு தாளின் முதல் வரிசை அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "அசைன்மென்ட் தலைப்பு முழுவதும், கூகுள், யூடியூப் வந்தது." நான்காவது வரிசைக்குள், "ஆற்றின் பெயர் மட்டும், கூடவே கன உலோகங்கள், ஸ்காலர், 2015-க்குப் பின்" என்று வந்துவிட்டால் அன்றைய வகுப்பு வேலை செய்திருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் தாளைத் தமிழில் நிரப்பட்டும். தேடும் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினால் போதும். ஆங்கிலச் சொல் தெரியாதவர்களுக்குப் பாடநூலின் பின்பக்கச் சொல்லடைவைக் காட்டுங்கள். அங்கே துறைச் சொற்கள் வரிசையாகக் காத்திருக்கும்.

மீதியுள்ள நேரத்தில் மூன்று ஜோடிகள் எழுந்து, தாங்கள் நிராகரித்த ஓர் ஆதாரத்தையும் அதற்கான காரணத்தையும் சொல்லட்டும். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகச் சங்கம் 2016-ல் ஏற்றுக்கொண்ட தகவல் எழுத்தறிவுச் சட்டகத்தில் ஆறு கருத்துகள் உண்டு. உங்கள் தயாரிப்புக்கு அதைப் படியுங்கள், நல்ல ஆவணம். ஸ்லைடில் போட்டு மாணவர்களை வாட்டாதீர்கள்.

8. ஏஐ தரும் மேற்கோள்கள்

தடை போட்டுப் பயனில்லை, ஒளிந்து செய்வார்கள். நான் செய்வது இதுதான்: துறைத் தலைப்பு ஒன்றில் ஐந்து ஆதாரங்களை ஏஐ-யிடம் கேட்டு வாங்கி, தாளில் அச்சடித்து, "இவற்றை எடுத்து வாருங்கள்" என்று கொடுத்துவிடுவேன். 10 என்ற எண்ணில் தொடங்கும் டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) இருந்தால் டிஓஐ தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தலைப்பை மேற்கோள் குறிக்குள் வைத்து ஸ்காலரில் தேட வேண்டும். இதழ் உண்மையாக இருக்கும், கட்டுரை இருக்காது. அல்லது டிஓஐ திறக்கும், உள்ளே வேறு கட்டுரை இருக்கும். 2023-ல் நியூயார்க்கில் இல்லாத தீர்ப்புகளை ஏஐ சொன்னபடி மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்ததைச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

போலி இதழ்களையும் இதோடு சேர்த்துவிடுங்கள். மானியக் குழு ஏற்ற இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று பல ஆசிரியர்களே இன்னும் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலை மானியக் குழு 2025-ல் கைவிட்டுவிட்டது. ஆசிரியர் குழுவில் யார், மதிப்பாய்வு உண்டா, பணம் கட்டினால் மூன்று நாளில் வெளியிடுகிறார்களா என்று நாமே பார்த்தாக வேண்டும்.

9. வெளி நூலகம் ஒன்றுக்கு அனுப்புங்கள்

எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்ற எண்ணம் இங்கேதான் உடையும். வரலாறு, இதழியல் மாணவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா. இந்தியாவில் வெளியாகும் நூல்கள், இதழ்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. பொதுவாக எல்லாத் துறைக்கும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். தமிழ் அச்சுநூல்கள், பழைய இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அதன் நூற்பட்டியலை முன்பே இணையத்தில் பார்த்து, வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: கல்லூரி அடையாள அட்டை, துறைத் தலைவர் கையொப்பமிட்ட அறிமுகக் கடிதம், அதில் தலைப்பும் நாளும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போன்ற இடத்துக்கு இளங்கலை மாணவரை அனுப்பும்முன் நீங்களே தொலைபேசியில் விசாரித்துவிடுங்கள். 60 பேரைப் பேருந்து வைத்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அது சுற்றுலாவாகிவிடும், பெற்றோர் ஒப்புதல் கடிதம் வேறு வாங்க வேண்டும். மூன்று மூன்று பேராக, அவரவர் மாநகரப் பேருந்தில், ஒரு சனிக்கிழமை போய்வந்தால் போதும். விடுமுறை நாளா என்று முந்தின நாள் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

10. மதிப்பெண்ணும் அடுத்த ஆண்டும்

மதிப்பெண் இல்லையென்றால் தேடல் தாள் திரும்பி வராது. அசைன்மென்ட்டுக்கு 10 என்றால் 4 மதிப்பெண்ணைத் தாளுக்கும் ஆதாரப் பட்டியலுக்கும் ஒதுக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். இரண்டுக்கு மேல் தர மாட்டேன் என்றால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கோள் பாணியில் துறை எதைச் சொல்கிறதோ அதையே பிடியுங்கள்: ஆங்கிலத் துறை எம்எல்ஏ, உளவியல் ஏபிஏ. காற்புள்ளி தப்பியதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். இல்லாத ஆதாரத்தைக் காட்டியதற்குக் குறையுங்கள்.

திருத்தி முடித்ததும், பெயரை மறைத்து, நல்ல தாள் இரண்டும் சொதப்பிய தாள் இரண்டும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை அந்த ஆசிரியரே அடுத்த துறைக் கூட்டத்தில் காட்டட்டும்; நீங்கள் காட்டுவதை விட அது எடுபடும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு கூடும் தேதியை அலுவலகத்தில் கேட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே இந்தப் பிரதிகளோடு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். தனிப் பாடம் கேட்காதீர்கள், மணிநேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். ஏற்கெனவே இருக்கும் பாடத்தின் ஓர் அலகில், "மூல ஆவணம் தேடல்: 2 மணி" என்று ஒரு வரி கேளுங்கள். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கல்லூரியில் அந்த வரியைச் சேர்க்க முடியாது. அங்கே உள்மதிப்பீட்டு அசைன்மென்ட் மட்டும்தான் நம் கையில், அதனால் ஆசிரியர் மாறினால் ஜூலையில் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.